நேரில் பார்வையிடப்பட்டது

“மேடம், உங்க செருப்பு இன்னும் வாசல்லயே கெடக்கு லா. வந்து எடுத்துக்கிறீங்களா?”

போனில் பேசியது வள்ளியம்மா, தெலுக் பங்லிமா காராங் ஊரில் போன மாதம் இறந்துபோன பழனியப்பனின் மனைவி. ஜனகா போனைக் காதிலிருந்து எடுத்து எண்ணை ஒருமுறை சரிபார்த்தாள். அந்த வீட்டுக்கு அவள் போனதே இல்லை.

போனதாக எழுதியிருந்தாள். அதுதான் சங்கடம்.

வானொலி உரிமப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்து தேய்ந்தவள் அவள். பழனியப்பன் மொட்டை மாடியிலிருந்து நீளமாக ஏரியல் கம்பி இழுத்து, தாழ் அலைவரிசையில் சோதனை செய்யத் தற்காலிக அனுமதி வாங்கியிருந்தார். அதனால் மீட்டர்கள் தாறுமாறாக ஓடுவதாகப் பக்கத்துத் தொழிற்சாலை புகார் கொடுத்தது. அவர் சேர்ந்திருந்த அமெச்சூர் ரேடியோ சங்கமே இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி எல்லோருக்கும் அனுமதி கொடு என்றது, மறுபாதி யாருக்கும் கொடுக்காதே என்றது. தினமும் ஒரு கடிதம். மார்ச் பதினான்கு அன்று நல்ல மழை, முட்டியில் வலி. ஜனகா மேசையை விட்டு எழுந்திருக்காமலே படிவத்தில் ‘பிற்பகல் மூன்று மணிக்கு நேரில் பார்வையிடப்பட்டது’ என்று எழுதி, அனுமதியை ரத்து செய்து, பதினான்கு நாளுக்குள் கம்பியை இறக்க உத்தரவு போட்டாள். பதின்மூன்றாம் நாள், இறக்கும்போது அவர் தவறி விழுந்தார்.

அதிகாரி அங்கே போகவே இல்லை என்று சங்கச் செயலாளர் விஜயன் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். திங்கட்கிழமை விசாரணை. வேலை போகும், ஒரு மனிதனின் சாவும் அவள் பெயரில் எழுதப்படும். இந்த நேரத்தில் நீங்கள் வந்தீர்கள் என்று வள்ளியம்மாவே தானாகச் சொல்கிறாள். ஜனகாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

“சனிக்கிழமை மத்தியானம் வரேன் ஆன்டி. நான் வந்தேன்னு ஒரு லெட்டர் மட்டும் எழுதித் தர முடியுமா?”

“அதுக்கென்ன, தரேன்.”

தொழிற்பேட்டைக்குப் பின்னால் கடைசி வரிசை வீடு. லோரிகள் போய் ஓய்ந்த சனிக்கிழமை மத்தியானத்தில் செம்பனை எண்ணெய் வாடையும் ஈரச் சுண்ணாம்பு வாடையும் தெருவோடு ஒட்டிக் கிடந்தன. அவற்றுக்கு அடியில், காதுக்குக் கேட்காமல் பல்லுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஏதோ ஒன்று ரீங்கரித்தது. தொழிற்சாலை மோட்டராக இருக்கும் என்று நினைத்தபடி காரைப் பூட்டிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

கதவோரம் ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு. மேலெல்லாம் பூஞ்சை. இடது வார் அறுந்து, கறுப்பு நூலால் ஐந்து தையல் போட்டிருந்தது.

ஜனகா குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவர் பழுப்பு நூல் தீர்ந்துவிட்டது என்று கறுப்பு நூலில் போட்ட அதே ஐந்து தையல்.

திரும்பிப் போயிருக்கலாம். திங்கட்கிழமையை நினைத்தாள். தன் செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் விட்டாள்.

வள்ளியம்மா சிரித்த முகமாக இருந்தாள். “நான் உங்கள இப்பதான் பாக்குறேன் மேடம். அன்னைக்கு நான் பாசார் போயிருந்தேன். அவருதான் பாத்தாரு. அப்புறம் தினமும் ரெண்டு டீ போடச் சொல்வாரு. யாருக்குன்னு கேட்டா, சும்மா போடு லா ம்பாரு.”

ரேடியோ அறையைத் திறந்துவிட்டாள். சன்னலோரம் மேசை, கணினி, இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது. முட்டி வலித்ததால் ஜனகா மற்றதில் உட்கார்ந்தாள்.

நாற்காலி சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

“இது ஒண்ணு நிக்கவே மாட்டேங்குது,” வள்ளியம்மா திரையைக் காட்டினாள். “கம்பிய இறக்கியாச்சு, பிளக்க புடுங்கியாச்சு. ஆனா கோடு வருது.”

ஜனகாவுக்கு அது தெரிந்த விஷயம். இந்த அலைவரிசையில் பேச முடியாது. மோர்ஸ் கோடுகளை ஊர்கிற வேகத்தில்தான் அனுப்ப முடியும். ஓர் எழுத்து வந்து சேரவே மணிக்கணக்கு ஆகும். வருவதைத் தாளில் குறித்துக்கொள்ள வள்ளியம்மாவைப் பழனியப்பன் பழக்கியிருந்தார். தாளில் இரண்டு நாள் உழைப்பாக ஐந்து எழுத்துகள். ஜே. ஏ. என். ஏ. கே. ஆறாவதற்கு ஒரு புள்ளி வந்து முடிந்திருந்தது. இப்போது ஒரு நெடுங்கோடு மெல்ல நீண்டுகொண்டிருந்தது.

“லெட்டர் எழுதி வாசல் ஸ்டூல் மேல வச்சிருக்கேன். இருங்க, டீ கொண்டாறேன்.”

தனியாக விடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். வள்ளியம்மா போய்விட்டாள்.

மேசையில் பழனியப்பனின் பதிவேடு. வருகிற சிக்னல், போகிற சிக்னல், வந்துபோகும் ஆள், எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுவது இவர்கள் வழக்கம்.

*மார்ச் 14, 15:00. ஆபீசர் மேடம் வந்தார். பேசவில்லை. டீ குடிக்கவில்லை.*

*மார்ச் 15. மேடம் இன்னும் போகவில்லை.*

*மார்ச் 19. உட்கார்ந்தே இருக்கிறார். டீ ஆடை கட்டிவிடுகிறது.*

*மார்ச் 26. ஏன் போகவில்லை என்று கேட்டேன். முதல் தடவையாகப் பேசினார். எழுதி இங்கே போட்டு வைத்தவர் வந்து இடம் மாற்றினால்தான் போக முடியும் என்றார். நாளைக்குக் கம்பியை இறக்கிப் பார்க்கிறேன்.*

அதற்குப் பிறகு வெற்றுத் தாள்.

ஜனகா எழுந்தாள். எழுந்ததாக நினைத்தாள். தொடை நாற்காலியிலேயே இருந்தது.

திரையில் கோடு நின்றது. ஆறு எழுத்து, அவள் பெயர்.

ரீங்காரமும் நின்றது.

சன்னலுக்கு வெளியே ஒரு பெண். வாசலில் குனிந்தாள். பூஞ்சை இல்லாத ஜோடியை மாட்டினாள். ஸ்டூலில் இருந்த கடிதத்தை மடித்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஜனகாவின் நடை.

காரில் ஏறினாள். ஜனகாவின் கார்.

ஜனகா கத்தினாள். சத்தம் வரவில்லை.

வள்ளியம்மா டீயோடு வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். சன்னலைப் பார்த்தாள். “ஐயோ, சொல்லாமலே போயிட்டாங்களே,” என்று போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள்.

“ஆன்டி,” என்றது ஜனகாவின் குரல், களைப்பே இல்லாமல். “லெட்டர் கிடைச்சிருச்சு. ரொம்ப நன்றி. திங்கக்கிழமை நானே சொல்லிடுறேன், நேர்ல வந்து பாத்தேன்னு.”

“செருப்பு மேடம்? பழச இப்பவும் விட்டுட்டுப் போயிட்டீங்களே.”

“அது அங்கயே இருக்கட்டும்.”

வள்ளியம்மா பெருமூச்சு விட்டாள். கொண்டுவந்த டீயை என்ன செய்வதென்று தெரியாமல், பழைய பழக்கத்தில் அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

ஆவி அடங்கியது. ஓரத்திலிருந்து ஆடை கட்டத் தொடங்கியது. ஜனகா கையை நீட்டப் பார்த்தாள்.