நாற்காலியடி ஈரம்

கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய அந்த வீட்டுக்குள் க்ளெமென்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டே நுழைந்தபோது மூக்கில் ஏறியது நிலக்கரி வாடை. அடுப்போ அணைந்து கிடந்தது.

நெஸ்டா தேநீர் ஊற்றினாள். மூன்று கோப்பைகளில்.

அவள் புருஷன் ஆம்ப்ரோஸ் செத்து ஒரு மாதம். பார்படோஸ்காரன், கப்பல் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். போன துறைமுகத்திலெல்லாம் கறுப்பு மாலுமிகளைச் சங்கத்தில் சேர்த்தவன். பனிமூட்டத்தில் கப்பலேறும் பலகை வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டான், பாவி மனுஷன். ஆப்பிரிக்காவிலுள்ள ஃப்ரீடவுனுக்கு அவன் ஒளித்துக் கொண்டுபோக வேண்டிய சங்கப் பத்திரிகைக் கட்டு அவன் நாற்காலிக்கு அடியிலேயே தங்கிவிட்டது.

அதைக் கேட்டுத்தான் அவனோடு கப்பலில் கரி தள்ளிய க்ளெமென்ட் வந்திருந்தான். ஃப்ரீடவுன் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். மற்ற ஊர்க்காரர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று முதலாளிகள் புளுகுகிறார்கள். இந்தப் பத்திரிகை போய்ச் சேராவிட்டால் அங்குள்ள தொழிலாளிகள் பசியில் பணிந்துவிடுவார்கள் என்றான். அவன் கப்பல் இன்று மாலையே கிளம்புகிறது.

"எரிச்சுட்டேன் அண்ணே" என்றாள் நெஸ்டா.

நாற்காலி கிறீச்சிட்டது.

அதன்முன் தரையில் இரண்டு பாதத் தடங்கள் ஈரமாக ஊறி வந்தன. கரி கலந்த கறுப்புத் தண்ணீர்.

க்ளெமென்ட் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "தினமுமா, தங்கச்சி?"

"தினமும். பேச மாட்டாரு. கட்டுக்காகத்தான் வர்றாரு, எனக்காக இல்ல. இதைக் குடுத்துட்டா போயிடுவாரு." அவள் குரல் உடைந்தது. "பதினோரு வருஷத்துல ஒரு மாசம் முழுசா வீட்ல இருந்தது இப்பத்தான்."

மூலையில் கரிவாளி தானாக அதிர்ந்தது.

டண். டண்.

கரி தள்ளச் சொல்லிக் கொதிகலன்காரர்கள் மண்வெட்டியால் தட்டுகிற தட்டு. க்ளெமென்ட் தன்னையறியாமல் எழுந்துவிட்டான்.

நெஸ்டா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு மண்டியிட்டு நாற்காலிக்கு அடியிலிருந்து பத்திரிகைக் கட்டை இழுத்து அவன் கையில் வைத்தாள்.

அவன் விட்டால் போதுமென்று விரைந்தான்.

"அண்ணே" என்றாள் வாசலிலிருந்து. "மெதுவா நடங்க. அவருக்கு முட்டிவலி."

க்ளெமென்ட் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் தளர்த்தினான். காய்ந்த கல்தெருவில் அவனுக்குப் பக்கத்திலேயே வெறுங்கால் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு கால் இழுத்து இழுத்து.

க்ளெமென்ட் கண்ணுக்கு மறைந்தபின் நெஸ்டா தெருமுனைவரை போனாள். தடங்களெல்லாம் கப்பலை நோக்கியே போயிருந்தன. முனையில் ஒரு ஜோடி மட்டும் வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தது.

கோடை வந்த பிறகும் அது காயவில்லை.