றஞ்சிதம் எழுதாத கடிதம்

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அருந்ததியின் அம்மா கொமினிகேஷன் கடை வைத்திருந்தார். அங்கே வெளிநாட்டுக்கு ஃபோன் எடுக்கலாம். நான்கு கம்ப்யூட்டர்களில் ஈமெயில் பார்க்கலாம்.

அந்த நான்கும் ஒன்றோடொன்று கேபிளால் இணைக்கப்பட்டவை. போன மாதம் யாரோ திறந்த ஈமெயில் கடிதத்தில் ஒரு வைரஸ் ஒளிந்து வந்தது. அது ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவி நான்கையும் படுக்க வைத்துவிட்டது. கடை ஒரு கிழமை, ஏழு நாளும், பூட்டிக் கிடந்தது.

அன்று மாலை, தம்பியை ரியூஷனிலிருந்து கூட்டிவர அம்மா பாமன்கடைப் பக்கம் போயிருந்தார். கடையில் அருந்ததியும் வரதராசா அங்கிளும் மட்டும்தான்.

அங்கிள் பக்கத்து லொட்ஜில் தங்கிக் கனடா விசாவுக்குக் காத்திருப்பவர். மனைவி றஞ்சிதம் முன்னமே அங்கே போய்விட்டார். போன கிழமை அவர்களுக்கு மகள் பிறந்திருந்தாள். படம் வந்ததா என்று பார்க்க, வழியில் ஆமிக்காரர் மறித்து அடையாள அட்டை கேட்டாலும், அங்கிள் தினமும் வந்துவிடுவார்.

“படம் வந்திட்டுது, பிள்ளை” என்றார். மவுஸை அதன் மேல் நகர்த்தினார்.

அருந்ததி எட்டிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. நீங்கள் கேட்டது இதோ, திறந்து பாருங்கள் என்று இருந்தது. கீழே பெயர் இல்லை, திறப்பதற்கு ஒரு இணைப்பு மட்டும் இருந்தது.

றஞ்சிதம் அன்ரியின் கடிதங்கள் அவளுக்குத் தெரியும். அங்கிள்தான் அவற்றைக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவாரே.

“கொஞ்சம் பொறுங்கோ, அங்கிள். அன்ரி எப்பவும் உங்களை ‘இஞ்சேருங்கோ’ எண்டு கூப்பிட்டுத்தானே தொடங்குவா. இது அவ எழுதின மாதிரி இல்லை.”

“அவவின்ர பேரிலதானே வந்திருக்கு. என்ர பிள்ளையின்ர முகத்தை நான் பார்க்கக் கூடாதோ?”

அவர் கண் கலங்கியது. திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்க அருந்ததிக்கு மனம் வரவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து அந்தக் கம்ப்யூட்டரை மற்றவற்றோடு இணைக்கும் கேபிளை முதலில் கழற்றினாள். பிறகு ஃபோனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அன்ரியிட்டயே கேளுங்கோ. அங்க இப்ப விடிஞ்சிருக்கும்.”

அங்கிள் ஃபோன் எடுத்துக் கேட்டபோது, றஞ்சிதம் அன்ரி அப்படி ஒரு கடிதமே எழுதவில்லை என்று தெரிந்தது. அவருடைய கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்து, அவர் பெயரில் தானாகவே எல்லோருக்கும் கடிதம் போட்டிருந்தது. டொக்டருக்கு, வீட்டுக்காரருக்கு, கட்டில் விற்ற கடைக்காரருக்குக்கூட. படம் இன்னும் கழுவியே வரவில்லையாம்.

சற்று நேரத்தில் அம்மா தம்பியோடு வந்தார். நடந்ததை அருந்ததி சொன்னாள். அம்மா மற்ற மூன்று கம்ப்யூட்டர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் நன்றாகவே இருந்தன. அருந்ததியின் தலையைத் தடவிவிட்டுத் திரும்பியவர், அங்கிள் ஒன்றும் பேசாமல் ரிசீவரைக் காதில் வைத்தபடி நிற்பதைக் கண்டார்.

“லைன் கட்டாயிட்டுதோ, தம்பி?”

அங்கிள் வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

“இல்லை, அக்கா” என்றார் மெதுவாக. “மகள் அழுறா.”