சிங்கப்பூர் வண்டி

சித்திரை வெயில் கோவில்பட்டியை வறுத்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், செல்லத்துரை வீட்டுப் பின்வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. முன்வாசலில் நின்றிருந்தால் தெருவே பார்த்திருக்கும். தெரு பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் பொன்மணி அதைப் பின்பக்கமாக வரச்சொல்லியிருந்தாள்.

வீடும் அந்த யோசனைக்கு ஒத்துழைக்கிற வீடுதான். முன்பக்கம் கிரானைட் தூண், கண்ணாடிக் கதவு, இரண்டு சிங்கம். பின்பக்கம் அவள் மாமனார் காலத்துச் சுவர், காரை உதிர்ந்து, செங்கல் பல்லிளித்து நிற்கும். முகத்தை மட்டும் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்ட வீடு.

ஆட்டோவிலிருந்து இறங்கியது, சாக்கில் சுற்றிய ஒரு குழந்தை வண்டி.

மகள் செல்வமாரிக்குத் தலைப்பிரசவம் இங்கேதான் ஆனது. பேரனுக்கு ஐந்து மாதம். வருகிற வெள்ளிக்கிழமை சாத்தூரிலிருந்து சம்மந்தி வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போகிறார்கள். அரைஞாண், வெள்ளிக்கிண்ணம், தொட்டில் எல்லாம் தயார். அப்போதுதான் சம்மந்தியம்மா முத்துமாரியம்மாள் போனில், "எங்க அக்கா மருமவ வீட்டுல வெளிநாட்டு ஸ்ட்ரோலரே அனுப்பியிருக்காவ மதினி. நமக்கெதுக்கு அதெல்லாம்" என்றாள்.

நமக்கெதுக்கு என்றால் நமக்கெப்போ என்று அர்த்தம். பொன்மணிக்குத் தெரியாதா?

"அது எப்பவோ சொல்லியாச்சே மதினி! எந்தம்பி சிங்கப்பூர்ல இருந்து அனுப்புதான்" என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தத் தம்பி சிங்கப்பூர் போய்ப் பல வருஷமாகிறது. இதுவரை ஒரு தைலப் பாட்டில்கூட வந்ததில்லை.

அவள் புருஷன் செல்லத்துரை ஒரு ஷெட் போட்டுத் தீப்பெட்டிக் கம்பெனி நடத்துகிறவர். விசிட்டிங் கார்டில் தொழிலதிபர். அவர் மதுரையில் பழைய சாமான் கிட்டங்கி ஒன்றில் தேடிப்பிடித்ததுதான் இந்த வண்டி. அசல் வெளிநாட்டுச் சரக்கு. "ஒரே ஒரு புள்ளதான் உக்காந்திருக்கு அண்ணாச்சி. அப்புறம் அவியளுக்குத் தேவப்படல" என்று கடைக்காரன் சொன்னானாம்.

ஏன் தேவைப்படவில்லை என்று தொழிலதிபர் கேட்கவில்லை.

"என்னக்கா அது, சாக்குக்குள்ள?" என்று வீட்டுவேலை பார்க்கும் வேலுத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லட்டி. மாடில மிளகா காயுது, போய்ப் பெரட்டிப் போடு."

"இப்பத்தானே பெரட்டினேன்."

"மறுபடியும் பெரட்டு."

அவள் போனதும் பொன்மணி பின்வாசல் கதவைச் சாத்திவிட்டு, செல்போனைத் துவைகல்லில் சாய்த்து வைத்தாள். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரி, ஏற்கெனவே பளபளக்கும் வண்டியை மறுபடி துடைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பேச்சு புரியாவிட்டாலும் கை புரிந்தது. முதலில் துணியைக் கழற்ற வேண்டும். பிறகு கம்பியைத் துடைக்க வேண்டும். பிறகு சக்கரத்தை உருவி அச்சைச் சுத்தம் செய்ய வேண்டும்.

துணியை உருவியபோது புளித்த பால் வாடை வந்தது. பிஸ்கட் தூளை உதறினாள். வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்தாள். முன்சக்கரத்தை அமுக்கி இழுத்ததும் கழன்று வந்தது.

அச்சில் முடி சுற்றியிருந்தது.

சக்கரம் என்றால் முடி சுற்றத்தான் செய்யும். ஊக்கால் நெம்பி இழுத்தாள். வந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடியும் வந்தது. பூனைமயிர்போல மெல்லிய, சுருண்ட, மொட்டை போடாத பிள்ளையின் முடி. உள்ளங்கை நிறைந்த பிறகும் அச்சில் இன்னும் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு அவள் விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள்.

இப்போதுதான் தலைவாரிவிட்ட வாசனை.

குப்பையில் போட்டு, அச்சுக்குத் தையல்மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, சக்கரத்தைச் சொருகினாள். கீச்சென்ற சத்தம் அடங்கியது.

துணியை மாடிக் கொடியில் போட்டாள். கரிசல்காடே பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற மாதம். இந்த ஊர் வெயிலில் காயாதது எதுவுமே கிடையாது. சாயங்காலம் எடுக்கப் போனபோது துணி அப்பளமாக மொறுமொறுத்துக் கிடந்தது.

நடுவில் மட்டும், உட்காருகிற இடத்தில், கையகலத்துக்கு ஈரம்.

தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. அது வெயில் சூடு இல்லை. மடியை நனைத்துவிட்டு எழுந்துபோன பிள்ளையின் சூடு. இரண்டு பிள்ளை வளர்த்தவளுக்கு அந்தச் சூடு தெரியும்.

மறுநாளும் துவைத்தாள். மறுநாளும் அதே இடம், அதே ஈரம்.

துணியை அப்படியே மாட்டி, பெல்ட்டைச் சரிசெய்தாள். ஐந்து மாதப் பிள்ளைக்குத் தோள்பட்டி குட்டையாக இருக்க வேண்டும். கடைசி ஓட்டைவரை இறுக்கி, பக்கிளைத் திறந்துபோட்டு, கை கழுவத் திரும்பினாள்.

'கிளிக்.'

திரும்பிப் பார்த்தாள். பக்கிள் பூட்டியிருந்தது. பட்டி இரண்டும் நீண்டு, நடுவில் விம்மி நின்றன. இரண்டு வயசுப் பிள்ளையின் நெஞ்சு ஒன்று உள்ளே இருப்பதுபோல.

தெருவில் உப்பு விற்கிறவன் மணியடித்துப் போனான். வெயில் அடித்தது. பட்டப்பகல்.

பட்டி மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது.

அன்று மத்தியானம் தொழிலதிபர் சாப்பிட உட்கார்ந்தபோது, பொன்மணி ரசத்தை ஊற்றிக்கொண்டே கிசுகிசுத்தாள். "ஏங்க, அந்த வண்டி வேண்டாங்க."

"ஏம்?"

"அதுல யாரோ இருக்காவ."

செல்லத்துரையின் கை சோற்றில் நின்றது. முகம் வெளுத்தது. "பழசுன்னு யாருக்கும் தெரிஞ்சுபோச்சா?"

"அதில்லங்க. அதுக்குள்ள..."

"வேலுத்தாய் பாத்தாளா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு உயிர வாங்குத? சம்மந்தி வீட்டுக்குப் போட்டோ அனுப்பியாச்சு. அவியளும் அதை ஸ்டேட்டஸ்ல வச்சு, சிங்கப்பூர் மாமா பரிசுன்னு சாத்தூர் பூராவும் பாத்தாச்சு. இனி பேயிருந்தா என்ன, பிசாசு இருந்தா என்ன? மோர ஊத்து."

பொன்மணி மோரை ஊற்றினாள். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. வண்டியில் இருப்பது முத்துமாரியம்மாளைவிடப் பெரிய பேயாக இருந்துவிடப் போகிறதா?

வியாழக்கிழமை காலையில் கூடத்திலிருந்து செல்லத்துரையின் சத்தம். "ஏட்டி வேலுத்தாயி! தரை துடைச்ச லெச்சணமா இது?"

மொசைக் தரையில் இரண்டு கோடுகள். கரிசல் மண்ணின் கறுப்பு ஈரம். மழை பெய்து எத்தனையோ மாதமாகிறது. வண்டியை வைத்துப் பூட்டிய சாமான் அறையில் ஆரம்பித்து, கூடத்தைக் கடந்து, செல்வமாரி படுத்திருந்த அறைக்குள் போய், பேரனின் சேலைத்தொட்டிலுக்கு அடியில் முடிந்தன.

"நான் துடைச்சுட்டுத்தான் போனேன். சாமி சத்தியமா" என்று வேலுத்தாய் மூக்கைச் சிந்தினாள்.

உள்ளே செல்வமாரி, "யம்மா, இங்க வாயேன். புள்ளைக்கு என்னமோ தடிச்சிருக்கு" என்றாள்.

பிள்ளையின் சட்டையை விலக்கியிருந்தாள். இரண்டு தோளிலிருந்தும் இறங்கி, தொப்புளுக்கு மேலே சேர்கிற சிவந்த தடம்.

பிள்ளையை ஒருதடவைகூட அந்த வண்டியில் உட்கார வைக்கவில்லை.

"வேர்க்குருவா இருக்கும்" என்றாள் பொன்மணி.

சாமான் அறைக்குப் போனாள். தூக்கிக் கொண்டுபோய் ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் எறிந்துவிடலாம். கைப்பிடியைப் பற்றித் தூக்கினாள். வந்த அன்று ஒரு கையால் தூக்கிய வண்டி. இன்று இரண்டு கையாலும் அசையவில்லை. உட்கார்ந்த இடம் குழிந்திருந்தது. கால்பலகையில், துடைத்துத் துடைத்து அவள் பளபளப்பாக்கிய பிளாஸ்டிக்கில், இரண்டு சின்னக் குதிகாலின் ஆவி படிந்து, மறைந்து, மறுபடி படிந்தது.

"எந்திரிச்சுப் போயேன்" என்று கெஞ்சினாள்.

பால் வாடை மட்டும் நெருங்கி வந்தது.

அப்போதாவது மகளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மகள் மாப்பிள்ளையிடம் சொல்வாள். மாப்பிள்ளை தாயிடம் சொல்வார். பொன்மணி கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை மூன்று கார்களில் சம்மந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். முத்துமாரியம்மாளின் பட்டு, அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்தது. வீடியோக்காரர் ஒருவரும் கூடவே வந்திருந்தார். சீர் தாம்பாளங்களுக்கு நடுவே, பட்டு நாடா கட்டி நின்றது வண்டி. அதைக் கூடத்துக்குத் தள்ளிவர வேண்டிய வேலையே இருக்கவில்லை. காலையில் பார்த்தபோது அங்கே வந்து நின்றது.

"நல்லாத்தான் இருக்கு" என்று சம்மந்தியம்மா சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். "சிங்கப்பூர்லயும் புழுதி இருக்குமோ மதினி?"

"கப்பல்ல வந்ததுல்லா" என்றார் செல்லத்துரை.

"புள்ளைய இங்கன குடு செல்வமாரி. உக்கார வச்சு ஒரு போட்டோ எடுப்போம்."

"வேண்டாம் மதினி, அவன் தூக்கத்துல இருக்கான்" என்று பொன்மணி குறுக்கே வந்தாள்.

"முழிச்சுத்தானே இருக்கான்? நீங்க என்ன, வண்டிய சும்மா காட்டத்தான் வரவழைச்சீங்களா?"

கூடம் சிரித்தது. முத்துமாரியம்மாள் பேரனைத் தூக்கி வண்டியில் வைத்தாள். அவள் பெல்ட்டைத் தொடவே இல்லை.

'கிளிக்.'

"பாத்தியா, ஆட்டோமேட்டிக்கு!" என்று யாரோ மெச்சினார்கள்.

பிள்ளை வீறிட்டது. பட்டி இறுகியது. வீறிடல் பாதியில் நின்றது.

நின்றே போனது.

"என்ன, சத்தத்தையே காணோம்? யம்மா! யம்மா, மூச்சு விடல!" செல்வமாரி பாய்ந்து பக்கிளை அமுக்கினாள். அசையவில்லை. மாப்பிள்ளை அமுக்கினார். வீடியோக்காரர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவரும் அமுக்கினார். கத்தரிக்கோல் கொண்டுவா என்று யாரோ அலறினார்கள். கத்தரிக்கோல் பட்டியில் வழுக்கி வழுக்கி விழுந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது.

பொன்மணி எல்லோரையும் தள்ளிவிட்டு வண்டி முன்னால் மண்டியிட்டாள்.

அவள் பேரனைப் பார்க்கவில்லை. பேரனின் தலைக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், வெறும் இடத்தைப் பார்த்தாள்.

"இது உன் வண்டிதான் கண்ணு" என்றாள்.

"புதுசுன்னு சொன்னது பொய். சிங்கப்பூரும் பொய். மதுரைல பழைய சாமான் கடைல வாங்கினது. உனக்கு வாங்குன வண்டி. உன் முடியத்தான் நான் பிச்சு எறிஞ்சேன். உன் ஈரத்தத்தான் துவைச்சுத் துவைச்சு யாருக்கும் தெரியாம மறைச்சேன். தப்புதான். இவன் சின்னவன், ஒண்ணுந் தெரியாதவன். விட்டுரு."

பட்டி இறுகியபடியே இருந்தது.

"யாரும் தூக்கலியா ஒன்னய? இம்புட்டு நாளா ஒத்தையிலயா இருந்த?" இரண்டு கைகளையும் நீட்டினாள். "வா. ஆச்சிட்ட வா. நான் தூக்கிக்கிடுதேன்."

'கிளிக்.'

பிள்ளை வெடித்து அழுதது. செல்வமாரி அள்ளி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அவளும் அழுதாள்.

பிறகு முத்துமாரியம்மாள் பட்டை உதறிச் சரிசெய்துகொண்டு, மெல்லிய குரலில், "அப்பம் அது பழசா?" என்றாள்.

செல்லத்துரை சுவரோடு சுவராக நின்றார். இதைப் பார்ப்பதற்குப் பேயையே பார்த்திருக்கலாம் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

அவர்கள் வண்டியை விட்டுவிட்டுத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே செல்லத்துரை அதைக் கம்பெனிக்குப் பின்னால் கரிசலில் போட்டுக் கொளுத்தினார். டீசல் ஊற்றியும் லேசில் பிடிக்கவில்லை. குச்சிமேல் குச்சியாகக் கிழித்து ஒரு பெட்டியே காலியானது. தன் சரக்கின் லட்சணத்தைத் தானே திட்டிக்கொண்டு வந்தார்.

சாத்தூர் முழுக்கச் சிரித்தது. பொன்மணிக்கு அது பெரிதாகப் படவில்லை. பேரன் நன்றாக இருந்தான். தடம் மறைந்துவிட்டது, பால் குடிக்கிறான், தூங்குகிறான் என்று செல்வமாரி தினமும் போனில் சொன்னாள். வீட்டில் தரை சுத்தமாக இருந்தது. கொடியில் போட்டதெல்லாம் காய்ந்தது. பொன்மணி நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் பேரனைப் பார்க்கப் போகலாமென்று முடிவாயிற்று. வெறுங்கையோடு போக முடியாது. போளி வாங்கிவர அவளே கடம்பூருக்குப் பஸ் ஏறினாள். மத்தியான நேரம், கடையில் கூட்டமில்லை. கல்லில் நெய் ஊற்றிப் போளியைத் திருப்பிக்கொண்டிருந்த அம்மாளை அவள் முன்னேபின்னே பார்த்ததில்லை.

போளியைச் சுற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாள் கல்லிலிருந்து ஒரு விள்ளலைப் பிட்டாள். உஃப் உஃப் என்று ஊதினாள். பொன்மணியின் இடுப்புப் பக்கமாக நீட்டினாள்.

"இந்தாடே ராசா. சூடு ஆறிட்டு, தின்னு."

"யாருக்கு?" என்றாள் பொன்மணி.

"ஒங்க புள்ளைக்குத்தான். வந்ததுல இருந்து கல்லையே பாத்துக்கிட்டு இருக்காம்லா, பாவம்."

தன் இடது கை வளைந்து எதையோ அணைத்திருப்பதைப் பொன்மணி அப்போதுதான் உணர்ந்தாள். உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்து, இடுப்பு ஒதுங்கி நின்றது. எத்தனை நாளாக இப்படி நடக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் குனிந்து பார்க்கவில்லை.

அந்த அம்மாளின் விரல்கள் வெறுமையாகத் திரும்பின. நெய்யைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "நல்ல கனமா இருப்பான் போலுக்கே" என்று சிரித்தாள்.

இடது இடுப்பு கடுத்தது.

பொன்மணி வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.