முட்டுப் பலகை

சுவரில் மாட்டியிருந்த மண் பாளம் வேர்த்திருந்தது.

விளக்கு வெளிச்சம் பட்டு மினுங்குகிறது என்றுதான் ஆராய்ச்சியாளர் முதலில் நினைத்தார். பிறகு எழுந்துபோய் விரலால் தொட்டார். ஈரம். ஏரிக்கரையில் வெட்டிய குழியின் சுவரிலிருந்து ஆள் உயரத்துக்கு அப்படியே பெயர்த்தெடுத்து, பசை ஊற்றி, கட்டையில் ஒட்டி, மாதக்கணக்கில் காயவைத்த பாளம் அது. மேலே கறுத்த மண், அதன் கீழே செம்மண், அடியில் சாம்பல் நிறக் களி. தண்ணீர் மண்ணுக்குள் எந்த வழியாக இறங்குகிறது என்று மாணவர்களுக்குக் காட்டத் தன் அறையிலேயே வைத்திருந்தார். கல்லாக இறுகிப்போனதில் ஈரம் ஏற வழியே இல்லை.

அட்டெண்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். "அதுக்கும் வேர்க்குது போல சார். இந்த ரூமுக்கு ஒரு ஏசி கேளுங்கன்னு நானும் வந்த நாளா சொல்றேன்," என்று அவர் பழந்துணியால் துடைத்துவிட்டுப் போனார். போகும்போது துணியை உதறினார். வழுவழுவென்று களி தரையில் விழுந்தது.

ஆராய்ச்சியாளர் அதைப் பார்க்காதது போல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று காலையில்தான் விசாரணைக் குழு அவரை விசாரித்து முடித்திருந்தது. பாளம் எடுத்த அதே ஏரிக்கரைக் குழியை மறுபடி ஆழப்படுத்தியபோது குழிவெட்டி மண்ணுக்கடியில் செத்தது எப்படி என்பதுதான் கேள்வி. குழிவெட்டியை எல்லோரும் நண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் உள்ளே இறங்கிவிட்டால் வெளியே மண் மட்டும்தான் வந்து விழும், ஆள் தெரியாது. ஆழமான குழி என்றால் நான்கு பக்கமும் பலகை நிறுத்தி, குறுக்கே முட்டுக் கொடுத்த பிறகுதான் நண்டு குனிந்து வெட்டுவார். அதில் யார் சொன்னாலும் கேட்கமாட்டார். ஆனால் ஆராய்ச்சிக்குப் படம் எடுக்கும்போது பலகை மறைக்கக் கூடாது. கத்தியால் சீவிய சுவர் மேலிருந்து அடிவரை முழுசாகத் தெரிய வேண்டும். அன்றைக்கு வெயில் சாய்ந்து நல்ல வெளிச்சம் வந்திருந்தது. சுவர் வயிறு தள்ளுகிறது, நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நண்டு கீழிருந்து சொன்னது ஆராய்ச்சியாளர் காதில் விழத்தான் செய்தது. எடு என்றார். நண்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒவ்வொரு பலகையாக உருவி மேலே கொடுத்தார்.

படம் நன்றாக வந்திருந்தது.

அடுப்பெரிக்க எடுத்துப் போவதற்காக யாருக்கும் தெரியாமல் பலகையை உருவினான், அதில்தான் சரிந்தது என்று அவர் குழுவிடம் சொன்னார். குழு தலையாட்டிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லிவிட்டு அவர்கள் ஊர் திரும்புவார்கள்.

மத்தியானம் நண்டுவின் மனைவி வந்தாள். அந்தக் குழியில் கூடை சுமந்தவள் அவள்தான். சரிந்தபோது கரையில் நின்று பார்த்தவளும் அவள்தான். குழு அவளைக் கூப்பிடவில்லை. அவள் உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள்.

"பலகையத் திருடினாருன்னு சொன்னீங்களாமே ஐயா?"

முடிந்துபோன விஷயம், இனிப் பேசி என்ன ஆகப்போகிறது, வீட்டுக்குப் போம்மா என்று அவர் இதமாகவே சொன்னார்.

"செத்தவர் செத்துட்டாரு. திருடன்னு பேரு எதுக்கு? எம் புள்ளைங்க அந்தப் பேரோடதானே தெருவுல நடக்கணும். கீழதான் உக்காந்திருக்காங்க. ஒரு வார்த்தை மாத்திச் சொல்லிடுங்க."

அவர் மேசையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோதும் அவள் நின்றுகொண்டிருந்தாள். கண் பாளத்தின் மேல் இருந்தது. அந்தச் சுவரை அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

"நான் வந்து கேட்டுட்டேன். இனிமே அவர் பாத்துப்பாரு."

அவள் படியிறங்கிப் போன கொஞ்ச நேரத்தில்தான் வேர்வையைக் கண்டார்.

வெயில் இறங்க இறங்க அறைக்குள் ஒரு வாடை சேர்ந்தது. மழை பெய்த மண்ணின் வாடை இல்லை, அது நல்ல வாடை. இது ரொம்ப ஆழத்தில், காற்றே படாத களியைப் புரட்டும்போது கிளம்பும் அழுகிய முட்டை நாற்றம். மேசை, நாற்காலி, குடிக்க வைத்திருந்த தண்ணீர், எதை எடுத்தாலும் அதே நாற்றம் கூடவே வந்தது. அப்புறம் சத்தம். மண்வெட்டி இரண்டு முறை விழும், பிறகு ஒரு பெருமூச்சு. மறுபடி இரண்டு வெட்டு, ஒரு மூச்சு. காலுக்குக் கீழேயிருந்து வந்தது. அவர் அறை மாடியில் இருந்தது. கீழே வகுப்பறை, பூட்டிக் கிடந்தது.

பாளத்தின் அடியில் களி பருத்திருந்தது. சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் வந்திருந்தது.

தொலைபேசியை எடுத்தார். குழு இன்னும் கிளம்பவில்லை, ஜன்னலுக்குக் கீழே வண்டி நின்றது. ஒரு வார்த்தை போதும். எண்ணைக் கூட அழுத்திவிட்டார். மறுமுனையில் ஒருவர் எடுத்து, சொல்லுங்க என்றார். சொன்னால் வேலை போகும், இத்தனை வருஷம் சேர்த்த பேர் போகும், நாலு பேர் முன்னால் நிற்க முடியாது. ஒன்றுமில்லை, நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

வண்டி உறுமிக் கிளம்பி வாசலைத் தாண்டியது.

வெட்டுச் சத்தம் நின்றது.

நின்றதுதான் பயமாக இருந்தது. வெட்டி முடித்துவிட்டால்தான் நண்டு நிறுத்துவார்.

கதவுக்கு ஓடினார். திறந்தார். வராந்தா இல்லை. கதவு நிலை நிறைய மண். கத்தியால் சீவிய மண். மேலே கறுப்பு, நடுவில் சிவப்பு, அடியில் களி. அறுபட்ட வேர் நுனிகளில் தண்ணீர் முத்து முத்தாகத் தொங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கேயும் மண். கண்ணாடி விரிசல் விட்டது. உதிர்ந்தது.

நான்கு பக்கமும் சுவர். எதிலும் பலகை இல்லை.

செருப்புக்குள் ஈரம். கணுக்கால். முழங்கால். மண் மேலிருந்து கொட்டவில்லை, நான்கு சுவரும் நகர்ந்து வந்து அவரை மெல்லக் கவ்வின. தொடையை நெரித்தது. இடுப்பை நெரித்தது. மூச்சை விட்டார். விட்ட இடத்தை மண் பிடித்துக்கொண்டது. மறுபடி இழுக்க நெஞ்சில் இடமில்லை.

மேலே பார்த்தார். கூரை இருந்த இடத்தில் சதுரமாக வானம். விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெறுங்கால். விரல் இடுக்கெல்லாம் களி.

"நான்தான்." குரல் கீச்சிட்டது. "நான்தான் எடுக்கச் சொன்னேன். நண்டு திருடல."

மேலே இருந்தவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முழுசாகக் கேட்டார்.

பிறகு இறங்கினார். அவசரமே இல்லாமல், சுவரில் கால் வைத்து வைத்து.

கழுத்து. தாடை. வாய்.

முகத்துக்கு நேரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கண்களில் மண் அடைத்திருந்தது. கை நீண்டது. வாயை அடைத்த களியை அந்தக் கை தொடவில்லை. இரண்டு காதிலும் இருந்த மண்ணை மட்டும், விரலை விட்டு, நோகாமல், துளி மிச்சமில்லாமல் தோண்டி எடுத்தது.

பிறகு நண்டு ஈரமான உதடுகளை அவர் காதோடு வைத்து, மண்ணுக்குள்ளே தனக்கு என்னவெல்லாம் நடந்தது என்று முதலிலிருந்து, நிதானமாக, சொல்ல ஆரம்பித்தார்.