வாயிலில் கேட்ட குரல்

வெள்ளாற்றின் நீர்ப்பரப்பில் மாலைச் செவ்வொளி மெல்ல மெல்லக் கரைந்து, கரையோர நாணல்களின் நிழல்கள் நீண்டு ஒன்றையொன்று தழுவத் தொடங்கிய அந்த வேளையில், கீழ்வானில் எழுந்த முழுமதி ஆற்றின் வடகரையில் பாழடைந்து கிடந்த குரவங்கோட்டையின் மீது தன் முதற்கிரணங்களை வீசிற்று. தீயில் கருகிய மதில்களும், மதிலைப் பிளந்துகொண்டு வேர்விட்டிருந்த ஆலங்கன்றுகளும், வாய்பிளந்த மண்டையோடு போல் நின்ற பிரதான வாயிலும் அந்த வெண்ணிலவில் முன்னிலும் கோரமாகத் தெரிந்தன. கோட்டைக்குள்ளிருந்து கூட்டங்கூட்டமாய்க் கிளம்பிய வௌவால்கள் ஓசையின்றி ஆற்றைக் கடந்து சென்றன.

தென்கரையில் பாசறைக்கு வெளியே தனித்து நின்று அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் குரவநாட்டின் அரசி ஆதிச்சி தேவி. சிறுமியாய் இருந்தபோது எரியும் அந்தக் கோட்டையிலிருந்து தப்பி ஓடியவள் அவள். தாய்மாமனின் நாட்டில் வளர்ந்து, படை திரட்டி, பகைவனான தகடுமலை அரையனை முறியடித்து, இழந்த மண்ணை மீட்டு, பிறந்த கோட்டையை மறுபடி எழுப்ப இப்போது வந்திருக்கிறாள். ஆனால் அழைத்து வந்த கல்தச்சர்களோ முதல்நாள் மாலையே கருவிகளைப் போட்டுவிட்டு ஆற்றைக் கடந்து ஓடி வந்துவிட்டார்கள். அந்தி சாய்ந்ததும் பாழுக்குள்ளிருந்து யாரோ அழைக்கிறார்களாம்.

"நரி ஊளையாக இருக்கும்" என்று சொல்லிச் சிரித்திருந்தாள் அரசி.

இப்போது அவள் சிரிக்கவில்லை. ஆற்றுக் காற்று ஒரு கணம் அடங்கிய அந்த நிசப்தத்தில் வடகரையிலிருந்து தெளிவாக எழுந்தது ஒரு குரல்.

"ஆதீ! கதவைத் திற, ஆதீ! நான் வந்துவிட்டேன்!"

'ஆதி' என்று அவளை அழைத்தவன் இவ்வுலகில் ஒருவன்தான். அவன் அவளுடைய தமையன் இளங்காரி. முற்றுகையின்போது பகைவரிடம் சிக்கிய அவன், உயிரோடு திரும்பவே இல்லை.

அன்பார்ந்த வாசகர்களே! அந்தக் குரலைக் கேட்டு ஏவலரையோ, கூப்பிட்டால் உடனே ஓடி வரக்கூடிய படைத்தலைவன் கீரனையோ அவள் ஏன் அழைக்கவில்லை என்று நீங்கள் வியக்கலாம். அதற்குக் காரணம் இருந்தது. இதே குரல், இதே சொற்களை, கோட்டை வீழ்ந்த அன்று வாயிலுக்கு வெளியேயிருந்து கூறிற்று. வாயிற்காவலர் தலைவன் அண்டன் கதவைத் திறந்தான். பகைப்படை உள்ளே வெள்ளமாய்ப் பாய்ந்தது. வாயிலிலேயே போரிட்டு மடிந்தபோதும் அண்டனுக்குத் துரோகி என்ற பெயரே மிஞ்சிற்று. அன்று இறந்த வீரர் அனைவருக்கும் நடுகல் நட்ட குரவநாட்டார், அவனுக்கு மட்டும் நடவில்லை.

கதவைத் திறக்கும்படி அண்டனுக்குக் கட்டளையிட்டவள் யார் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். இத்தனை ஆண்டுகளும் அவள் அதை யாரிடமும் கூறவில்லை. அண்டனின் மகன்தான் கீரன்; துரோகியின் மகனென்று எல்லோரும் இகழ, கடைநிலைக் காலாளாய்ச் சேர்ந்து தன் வாள்வலியால் படைத்தலைவனாய் உயர்ந்தவன். அவனுடைய கண்கள் தன்னிடம் சொல்லத் துடிப்பதை அவள் அறிவாள். அதைக் கேட்க அவள் உள்ளமும் ஏங்கிற்று. ஆயினும் அவன் அருகில் வரும்போதெல்லாம் அவளே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அரசி இடைக்கச்சையில் குறுவாளைச் செருகிக்கொண்டு, கரையில் கட்டியிருந்த ஓடத்தைத் தானே அவிழ்த்தாள்.

கோட்டை வாயிலை அவள் அடைந்தபோது அழைப்பு நின்றிருந்தது. பாதி எரிந்த கதவு ஒன்று கீலில் தொங்கிக்கொண்டு, காற்றில்லாமலே அசைவதுபோல் தோன்றிற்று. அதன் மறைவில் ஒரு மனிதன் அமர்ந்திருந்தான். எலும்பும் தோலுமான உடல். நரைத்துச் சடைவிழுந்த தலை. அந்த முகத்தில் அவளுடைய தமையனின் சாயல் சிறிதும் இல்லை. ஆனால் அந்த வாய் திறந்தபோது, "வந்துவிட்டாயா, ஆதீ?" என்று இளங்காரியின் குரல் வெளிப்பட்டது.

ஆதிச்சி அலறாமல் கதவைப் பற்றிக்கொண்டாள். அந்த மனிதனோ இரு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். கைகளை விலக்கியபோது கரகரத்த வேறொரு குரல் வந்தது.

"மன்னிக்க வேண்டும், தேவி. அது என் சொல் அல்ல. அந்தியானால் என் நாக்கு எனக்கு அடங்குவதில்லை."

"யார் நீ?"

"கூத்தன் நக்கன். யாருடைய குரலானாலும் ஒருமுறை கேட்டால் அப்படியே பேசுவேன். தகடுமலை அரையன் என்னைத் தங்கள் தமையனார் இருந்த சிறையிலேயே அடைத்தான். அவர் குரலைக் கற்றுக்கொள்வதற்காக."

"அன்று வாயிலில் அழைத்தது..."

"நான்தான். மறுத்தால் என் மனைவியைக் கொல்வதாகச் சொன்னான். நான் அழைத்தேன். இருந்தும் அவன் அவளைக் கொன்றுவிட்டான்." நக்கன் தலை நிமிர்ந்தான். "வெளியே நின்ற என் காதில் உள்ளிருந்து வந்த பேச்செல்லாம் விழுந்தது, தேவி. வாயிற்காவலர் திறக்க மாட்டேனென்றார். ஒரு பெண்குரல் அழுதுகொண்டே ஆணையிட்டது. அந்தக் குரலையும் நான் மறக்கவில்லை."

தேவியின் கை குறுவாளின் பிடியை நாடிற்று. அந்த ரகசியத்தை அறிந்த இன்னொரு உயிர்! குத்திவிட்டால், தமையனை வஞ்சித்தவனைக் கொன்றதாக நாடே போற்றும். அண்டனின் உண்மையும் இவனோடு மண்ணுக்குள் போய்விடும். அவள் உள்ளத்தை ஊடுருவிப் பார்த்தவன்போல் நக்கன் கழுத்தைச் சாய்த்துக் காட்டினான். எதிர்க்கவே இல்லை.

ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது, அவளே எதிர்பாராத வேண்டுகோள்.

"அண்ணனின் குரலில் ஒன்று சொல்லுவாயா? 'ஆதீ, உன்னை மன்னித்துவிட்டேன்' என்று ஒரே ஒரு முறை..."

எங்கோ இடிந்த மண்டபத்தில் ஒரு கூகை குழறிற்று.

"சொல்லலாம். தாங்கள் நம்பியும் விடுவீர்கள். அந்தக் குரலால் தங்களை ஒருமுறை ஏமாற்றியது போதும், தேவி. இனி மாட்டேன்."

"என்னைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா? அதையாவது சொல்!"

"வாயிலில் நின்று அழைத்தால் உயிர்ப்பிச்சை என்றார்கள். முடியாது என்றார். சாகும்போது தண்ணீர் கேட்டார். தூக்கத்தில் தங்கள் பெயரைச் சொல்லிச் சிரித்தார். அவ்வளவுதான். அவர் இறந்தபின்தான் கோட்டை வீழ்ந்தது. தங்களை மன்னிக்கவும் கோபிக்கவும் அவர் இல்லை."

ஆதிச்சி அந்தக் கருகிய மண்ணில் அப்படியே அமர்ந்துவிட்டாள். எதிரே, தன்னைப் போலவே இந்த வாயிலை விட்டு அகல முடியாத மற்றொரு உயிர் அமர்ந்திருந்தது. பகைவனென்று அவனை வெறுக்க முயன்றாள், இயலவில்லை.

"நக்கா, அண்ணனுக்காகப் பேச எனக்கு உரிமையில்லை. எனக்கு நீ இழைத்ததை நான் மன்னித்தேன். இது என் சொந்தக் குரல்."

அந்தக் கூத்தன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அச்சமயம் வாயிலுக்கு வெளியே பந்தத்தின் வெளிச்சம் பாய்ந்தது. அரசியைக் காணாமல் தேடி, ஓடக்காரர்களின் பரிசல் ஒன்றில் ஏறித் தனியே ஆற்றைக் கடந்து வந்திருந்தான் கீரன்.

"தேவி! தங்களுக்கு ஒன்றுமில்லையே? யார் இவன்?"

நக்கன் முந்திக்கொண்டான். "அன்று இளவரசரின் குரலில் அழைத்து இந்தக் கதவைத் திறக்கச் செய்தவன். வெட்டிவிடுங்கள், ஐயா." பெண்குரலைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கீரனின் வாள் உறையிலிருந்து சீறி எழுந்தது. தந்தையின் பெயரைக் கெடுத்தவனைத் தேடித்தான் அவன் இத்தனை காலம் வாழ்ந்தான். ஆதிச்சி வாய் திறவாதிருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

அவள் எழுந்து வாளுக்கு எதிரே நின்றாள்.

"படைத்தலைவரே, நிறுத்துங்கள். இவன் அழைத்தான், திறக்கச் சொன்னவள் நான். உங்கள் தந்தையார் இருமுறை மறுத்தார். இது வஞ்சகம், தாயே என்று கெஞ்சினார். நான் அழுதேன், அரசமகளின் ஆணை என்று சொன்னேன். அவர் பணிந்தார். பிறகு அவர்மேல் பழி விழுந்தபோது, வாயை மூடிக்கொண்டிருந்தேன்."

பந்தத்தின் சுடர் படபடத்தது. கீரனின் முகம் கல்லாய் இறுகிற்று.

"என் தாயை ஊர்க்குளத்தில் நீர் மொள்ள விடவில்லை" என்றான் கடைசியில், மிகத் தாழ்ந்த குரலில். "துரோகியின் மனைவி என்று. அந்த வேதனையிலேயே போய்விட்டாள். அவளிடம் இதை யார் போய்ச் சொல்வது, தேவி?"

"யாராலும் முடியாது. என்னாலும் முடியாது. உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை, கேட்கவும் மாட்டேன். நாளை நாட்டார் சபையில் இதையே சொல்வேன்."

"அரசுரிமை போய்விடும்."

"போகட்டும். என்னை ஈன்ற இந்த மண்ணின்மீது ஆணை!" என்று கூறிய அவள், குனிந்து கருகிய மண்ணை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டாள்.

கீரன் வாளைத் தாழ்த்தினான். நக்கனை வெகுநேரம் உற்று நோக்கியபின், "போய்விடு. என் மனம் மாறுவதற்குள் போய்விடு" என்றான். கூத்தன் தள்ளாடி எழுந்து, வாயிலைத் தாண்டி இருளில் மறைந்தான். இருவரும் ஓடத்தில் ஏறினர்; கீரன் துடுப்பை வலித்தான்.

மறுநாள் சபையில் அவள் சொல்லி முடித்ததும் முதலில் எழுந்தவன் கீரன்.

"தேவிக்குத் தண்டனை விதிக்கச் சபைக்கு உரிமையுண்டு. எனக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு" என்றான். "என் தந்தையாருக்கு இன்று நடுகல் நட வேண்டும். முதற்குடம் நீரைத் தேவியின் கையால் வார்க்க வேண்டும்."

"உங்களால் என்னை மன்னிக்க முடிகிறதா?" என்று கேட்டாள் அவள், கேட்கவே மாட்டேன் என்றிருந்தவள்.

"இன்னும் முடியவில்லை, தேவி. ஆனால் வெறுக்கவும் முடியவில்லை. நேற்றிலிருந்து முயன்று பார்த்துவிட்டேன்."

கீரனின் வேண்டுகோளுக்குச் சபை இசைந்தது; கோட்டை வாயிலருகே கல் எழுந்தது. அரசி குடத்தை ஏந்தினாள். நீர் தளும்பிச் சிந்திற்று. கீரன் அருகில் வந்து குடத்தின் அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கினான். குளிர்ந்த நீர் அண்டனின் கல்மீது வழிந்தபோது, அன்று இதே இடத்தில் அழுதுகொண்டு நின்ற அந்தச் சின்னப் பெண்ணை ஆதிச்சி முதன்முறையாக இரக்கத்தோடு நினைத்துப் பார்த்தாள்.

'அழைத்தது அண்ணனின் குரலடி, பெண்ணே. நீ எப்படித் திறக்காமல் இருந்திருப்பாய்?'

குடம் காலியாகும்வரை இருவரும் கையை எடுக்கவில்லை.