முடிச்சில்லாத கயிறு

காலையில் குழந்தையின் இடுப்பிலிருந்து வெட்டி எடுத்த அரைஞாண் கயிற்றில் முடிச்சே இல்லை.

சிவப்ரியா அதை அப்போது பார்த்தாளே தவிர யோசிக்கவில்லை. கயிறு பட்ட இடமெல்லாம் இளவேனிலுக்குத் தோல் வெடித்துப் புண்ணாகியிருந்தது. நகம் வெட்டும் சின்னக் கத்தரியால் ஒரு வெட்டு, கொல்லைக்கதவைத் திறந்து வாய்க்காலில் ஒரு வீச்சு, அவ்வளவுதான். ஐப்பசித் தண்ணீர் அதை வாங்கிக்கொண்டு அம்பகரத்தூர் வயல்களின் பக்கம் ஓடிவிட்டது. இப்போது, மழையில் இருண்டுபோன பிற்பகலில், மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருக்கையில்தான் அது மறுபடி கண்ணுக்குள் வந்தது. கறுப்பாக, தொடக்கமோ முடிவோ இல்லாத ஒரு வட்டம். முடிச்சில்லாமல் எப்படிக் கட்டியிருப்பார்கள்?

கூடத்தில் மாமியார் ராஜம் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. இந்த வீட்டில் எல்லோர் இடுப்பிலும் அந்தக் கயிறு உண்டு. எனக்கு அதெல்லாம் கட்டாதீங்க என்று சிவப்ரியா கல்யாணத்தன்றே சொல்லியிருந்தாள். ராஜம் சிரித்தாள். "யாரும்மா கட்டப்போறா உனக்கு?"

உத்தரத்துக் கொக்கி கிறீச்சிட்டுக் கிறீச்சிட்டு ஆடியது. சார்ப்புத் தகரத்திலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்து மண்ணைக் குடைந்தது. அழுகும் வைக்கோலின் வாடை சன்னல் வழியே வந்தது. அதற்கு அடியில் வேறொரு வாடை, ஈர இரும்பை நாக்கில் வைத்ததுபோல, வீட்டுக்குள்ளிருந்தே எழுந்துகொண்டிருந்தது. சுடிதார் நாடா இறுகிய இடத்தில் வழக்கமான அரிப்பு. அதைச் சொறிந்தபடி அவள் திரையைப் பார்த்தாள்.

அவளுடைய கணக்கு அங்கே ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் தனியாகக் கிடக்கும் ஒரு டிஎன்ஏ வளையம். சுமக்கிற செல்லுக்கு அதனால் செலவுதான், பயனில்லை. ஆகவே வளையத்தைத் தவறவிட்ட செல்கள் வேகமாகப் பெருகும். சுமக்கிறவை குறைந்து குறைந்து மறையும். சமன்பாடு அப்படித்தான் சொன்னது. காரைக்கால் ஆய்வகத்தில் அவளோடு வேலை செய்யும் நித்யஸ்ரீ பாக்டீரியா வளர்க்கும் குடுவைகள்தான் அதைக் கேட்கவில்லை. வளையம் அங்கே தலைமுறை தலைமுறையாக அசையாமல் இருந்தது.

கைப்பேசி அடித்தது. நித்யஸ்ரீதான்.

"அக்கா, கண்டுபிடிச்சாச்சு. உங்க கணக்குல ஒண்ணு விட்டுப்போச்சு. அந்த வளையம் ஒரு விஷத்தையும், அதை முறிக்கிற மருந்தையும் சேர்த்தே செய்யுது. விஷம் லேசுல கரையாது. மருந்து சீக்கிரம் கரைஞ்சிடும். வளையம் உள்ள இருக்கிறவரைக்கும் மருந்து ஊறிக்கிட்டே இருக்கும், ஒண்ணும் தெரியாது."

"வளையம் போயிட்டா?"

"கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருக்கும். அதை வச்சுத்தான் பெருகும்னு போட்டுட்டீங்க. எங்க பெருகுது? விட்டது ஒண்ணுகூட உயிரோட இல்லக்கா. சரியான அடாவடி! என்னை விட்டுட்டுப் போனா கொன்னுடுவேங்குது." அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது.

கொக்கியின் சத்தமும் நின்றிருந்தது.

எப்போது நின்றது?

சிவப்ரியா கூடத்துக்கு வந்தாள். சுவரில், மாலை போட்ட படத்தில், கணவன் ஹரிஹரனின் தம்பி ஜெயபிரகாஷ். விடுதியில் ஏதோ காய்ச்சலில் போனவன்.

"அத்தை, பாப்பா தூங்குறாளா?"

"நல்லாத்தான் இருக்கா." ராஜம் திரும்பவில்லை. "அவனும் நல்லாத்தான் இருந்தான். பசங்க கேலி பண்றாங்கன்னு கயித்தை அறுத்துப் போட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் பந்து விளையாண்டுகிட்டிருந்தான்."

சிவப்ரியா தூளியை விரித்தாள். இளவேனிலின் கண்கள் திறந்திருந்தன. உதடு நாவல்பழ நிறம். மூச்சு இருந்தது. சின்னதாக. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. பிறகு இன்னும் சின்னதாக ஒன்று.

"வண்டி கூப்பிடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போவணும்!"

"ரோட்ல முழங்கால் தண்ணி. ஹரியே காரைக்கால்ல பஸ் இல்லாம நிக்கிறான்."

"அப்ப உங்க கயித்தைக் குடுங்க. கால்ல விழறேன் அத்தை."

"என்னோடது அவளுக்கு ஆவாது. பெத்தவகிட்டேர்ந்துதான் பிரியணும்."

"நான் கட்டிக்கவே இல்லியே!"

"யாரும் கட்டிக்கிறதில்லம்மா." ராஜம் அன்று முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஒரே வீட்ல பக்கத்துல பக்கத்துல படுத்தாப் போதும். பாப்பாவுக்குத் தோல் மெலிசு, சீக்கிரம் வெளிய வந்துட்டுது. உனக்கு இன்னும் உள்ள இருக்கு. இவ்வளவு படிச்சவ, உனக்குத் தெரியாததா?"

அரிப்பு.

நாடாவைத் தளர்த்தினாள். நாடா அழுத்திய தழும்பு என்று இத்தனை நாளும் நினைத்திருந்த கோடு. கறுப்பு. தோலுக்கு அடியில். வயிற்றைச் சுற்றி, முதுகில் விரல் எட்டிய மட்டும். விரல் தொட்டதும் அது நகர்ந்தது.

முடிச்சில்லை.

"பாதி போதும்," என்றாள் ராஜம். "ரெண்டும் வளந்துக்கும்."

அவள் உள்ளங்கையில் காலையில் வெட்டிய அதே சின்னக் கத்தரி. துடைத்து வைத்திருந்தாள்.

தூளிக்குள் ஒரு மூச்சு. அடுத்தது வரவில்லை.

சிவப்ரியா கத்தரியை வாங்கினாள். முனை இறங்கியது. ரத்தம் வரவில்லை. கயிறுதான் வந்தது. ஈரமாக, வெதுவெதுப்பாக, இழுக்க இழுக்க. வெட்டினாள். வெட்டுப்பட்ட நுனி அவள் விரல்களுக்கிடையில் மெல்ல நிமிர்ந்தது. இங்கும் அங்கும் அசைந்தது. பிறகு, குழந்தை இருக்கும் பக்கம் திரும்பியது.