பத்து டப்பா பிளாஸ்டர்

இன்னும் பதினாறு நாட்களும் இரண்டு மணி நேரமும் இருந்தன.

அவள் நாட்காட்டியை மறுபடி எண்ணினாள். மாறவில்லை. பதினாறாம் நாள் காலை பத்து மணிக்குத் தெருமுனைப் பள்ளியின் கூடத்தில், முப்பத்திரண்டு குழந்தைகள் முன்னால் நின்று மருந்துகளைப் பற்றிப் பேச வேண்டும்.

கடைசியாக அவள் மேடை ஏறியது கல்லூரியில். "அனைவருக்கும் வணக்கம்" வரை வந்தது. அதற்குப் பிறகு நாக்கு ஒட்டிக்கொண்டது. இறங்கிவிட்டாள்.

"அடி ஊமைக்கோட்டான், எண்ணிக்கிட்டே இருந்தா நாள் கூடிடுமா?" பில் மேசையிலிருந்து அக்கா கேட்டாள். மருந்துக்கடை அக்காவுடையது. மருந்து எடுத்துக் கொடுப்பது தங்கை. தலைமை ஆசிரியையிடம் "என் தங்கச்சி ஜமாய்ச்சிடுவா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்ததும் அக்காதான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூடவே ஒருவன் உள்ளே ஓடி வந்தான். கையில் உடைந்த குடை. குடைக்கம்பி கிழித்த விரலில் ரத்தம்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன் ரேக்கிலிருந்து ஒரு டப்பா பிளாஸ்டரை எடுத்தாள். பெயரைப் படித்தாள். எடுக்கும்போது ஒரு முறை, பிரிக்கும்போது ஒரு முறை, கொடுக்கும்போது ஒரு முறை... அவள் வேலை பழகியது அப்படித்தான்.

நிமிர்ந்தபோது அவன் கவுண்டரில் கிடந்த அவளுடைய தாள்களைப் படித்துக்கொண்டிருந்தான். தலைமுடியிலிருந்து சொட்டிய நீர் முதல் வரியை ஊதா நிறமாகக் கரைத்துக்கொண்டிருந்தது.

"'நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பாற்றல், ஓர் அறிமுகம்'... இது யாருக்குங்க?"

"மூணாங்கிளாஸ் குழந்தைங்களுக்கு," என்றாள் மெல்ல.

அவன் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

"பன்னண்டு பக்கம்! பாவம்ங்க, எட்டு வயசுப் பசங்க."

அவளுக்குக் காது சுட்டது. தாள்களைப் பிடுங்கிக்கொண்டாள். "எட்டு வயசுப் பசங்களைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"கொஞ்சம் தெரியும். அவங்க கிளாஸ் சார் நான்தான்."

மேசைக்குப் பின்னால் அக்கா இருமினாள். அது இருமல் இல்லை என்று தங்கைக்குத் தெரியும்.

விரலில் பிளாஸ்டரைச் சுற்றும்போதுதான் அவள் அவன் கண்களைப் பார்த்தாள். மழையில் நனைந்த இமைகள்... கேலி மிச்சமிருந்தாலும் அதற்கு அடியில் ஏதோ ஒரு கனிவு. சட்டென்று குனிந்துகொண்டாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவன் மறுபடி வந்தான்.

"ஒரு டப்பா பிளாஸ்டர். பசங்க விழுந்துட்டே இருக்காங்க."

அதற்கு மறுநாளும் வந்தான். அன்று அவள், "ஒரு நிமிஷம் இருங்க, உள்ளே இருக்கு," என்று பின்னறைக்குப் போனாள். பாட்டில்கள் நகரும் சத்தம் கேட்டது. வெகு நேரம் கழித்து வந்தாள். அதற்குள் அவன் பழைய தாள்களின் பின்பக்கத்தில் ஒரு கரண்டிப் படம் வரைந்து வைத்திருந்தான்.

அப்படித்தான் திட்டம் உருவானது. தினமும் கொஞ்சம், பிளாஸ்டர் வாங்கும் சாக்கில்.

முதலில் கரண்டி விளையாட்டு. ஒவ்வொரு குழந்தையும் வீட்டிலிருந்து ஒரு கரண்டி கொண்டு வரும். சிவப்புத் தண்ணீரை அதில் ஊற்றி, பிறகு மருந்தோடு வரும் அளவுக் குவளையில் கொட்டிப் பார்க்கும். எந்த இரண்டு கரண்டியும் ஒரே அளவு பிடிக்காது.

"அடுத்து?" என்றான்.

"மிட்டாய் மாதிரி இருக்கிற மாத்திரை. தட்டு நிறைய காலி மாத்திரை அட்டையும் மிட்டாய்க் காகிதமும் கலந்து வைப்போம், எது எதுன்னு கண்டுபிடிக்கணும். சந்தேகம்னா தொடாம பெரியவங்களைக் கேக்கணும்."

"ம்... கடைசியா?"

"காலாவதித் தேதி பார்க்கிறது. வீட்டுல பிரிக்காம கிடக்கிற மருந்தைத் தேடி, எண்ணி, தேதியைச் சத்தமாப் படிக்கணும்."

"பாருங்க, ஃபார்மசிஸ்ட் மேடம்! எதிர்ப்பாற்றல் இல்லாமலே எவ்வளவு நல்லா இருக்கு."

"வாயில பிளாஸ்டர் ஒட்டிடுவேன்," என்றாள். சொன்ன பிறகுதான் திகைத்தாள். நானா பேசினேன்?

ஒருநாள் காலையில் அக்கா முன் ரேக்கைத் துழாவினாள். "ஏய், இங்கேதானே பிளாஸ்டர் இருக்கும்? யார் எடுத்தா?"

"இடம் பத்தலைக்கா..." என்றாள் தங்கை, நாட்காட்டியைப் பார்த்தபடி.

ஐந்து நாட்கள் இருந்தபோது அளவுக் குவளைகளைக் கொடுக்கப் பள்ளிக்குப் போனாள். தலைமை ஆசிரியையின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவன் குரல்.

"அவங்களால முடியாது மேடம். கூடத்துல நிக்க வெச்சா ஒரு வார்த்தை வராது."

குவளைப் பையை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மழை இல்லை. கன்னம் மட்டும் எப்படியோ நனைந்திருந்தது.

அன்று மாலை அவன் வந்தபோது டப்பா தயாராகக் கவுண்டரிலேயே இருந்தது.

"இந்தாங்க."

அவன் டப்பாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "கேட்டுட்டீங்களா?"

"முடியாதுன்னு சொன்னீங்க."

"கூடத்துல முடியாதுன்னேன். அதுக்கப்புறம், எட்டு எட்டுப் பேரா கடைக்கே கூட்டிட்டுப் போறேன்னு கேட்டேன், சரின்னாங்க. இந்தக் கவுண்டருக்குப் பின்னாடி நீங்க பேசுறதைப் பார்த்திருக்கேங்க. அன்னைக்கு ஒரு பெரியவருக்குக் கண்ணுல சொட்டு மருந்து போடுறது எப்படின்னு நாலு தடவை சொன்னீங்க. நாலாவது தடவையும் முதல் தடவை மாதிரியே..."

"அதை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. "எனக்கு எது வரும், எது வராதுன்னு நீங்க யாரு முடிவு பண்ண? பயப்படுறது நான். பதினோரு நாளா நாளை எண்ணிக்கிட்டு இருக்கிறதும் நான்."

"தப்புதாங்க," என்றான். "கேட்காம பேசினது தப்பு. கூடத்துலயே பேசுறேன்னு நீங்க சொன்னா, நாளைக்கே போய் மாத்திடுறேன்."

காசை வைத்துவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். தெருவில் பாதி தூரம் போயிருப்பான்.

"சார்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் இவ்வளவு சத்தமாக யாரையும் கூப்பிட்டதில்லை.

"இங்கேயே வெச்சுக்கலாம். எட்டு எட்டுப் பேரா..." மூச்சு வாங்கினாள். "இது நான் சொல்றது."

"சரிங்க," என்றான். அந்தக் கண்கள் மட்டும் இன்னும் என்னென்னவோ சொல்லின.

பதினாறாம் நாள், பத்து மணி. முதல் எட்டுப் பேர் கவுண்டருக்கு முன்னால் நின்றார்கள். மூக்கு மட்டும் மேலே தெரிந்தது. அவள் நாக்கு... ஒட்டப் பார்த்தது.

"மிஸ், என் கரண்டிதான் பெருசு!" என்றது ஒரு மூக்கு.

"அப்படியா? அளந்து பார்த்துடலாமா?" என்றாள் அவள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சிவப்புத் தண்ணீர் கவுண்டரெல்லாம் ஓடியது. "ஐயோ, என்னோடது ரெண்டு மடங்கு!" என்று கூச்சல். அவள் சிரித்தாள், அதட்டினாள், எட்டு முறை சொன்னதை ஒன்பதாவது முறையும் சொன்னாள். ஓரத்தில் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துடைப்பதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்காவது குழுதான் கடைசி. அவள் கேட்டாள். "பிரிக்காத மருந்து எங்கேயாவது கிடக்குதான்னு தேடிப் பார்த்தீங்களா? யாரு சொல்றீங்க?"

ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"மிஸ், எங்க சார் டிராயர்ல பத்து டப்பா பிளாஸ்டர் இருக்கு. ஒண்ணைத்தான் பிரிச்சிருக்காரு. எல்லாத்துக்கும் தேதி பார்த்தேன். நல்லாதான் இருக்கு."

அக்கா பில் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உங்க கிளாஸ்ல யாரும் கீழே விழலையாம்மா?" என்று கேட்டாள் அக்கா, மிகவும் அக்கறையாக.

"இந்த வருஷம் யாருமே விழல ஆன்ட்டி."

அவன் முகம் சிவப்புத் தண்ணீரைவிடச் சிவந்தது. இன்னொரு ஆசிரியை வந்து குழந்தைகளை வரிசையாக அழைத்துப் போகும்வரை, துடைத்த கரண்டியையே துடைத்துக்கொண்டிருந்தான். அக்கா திடீரென்று பில் புத்தகத்தோடு பின்னறைக்குப் போய்விட்டாள்.

மழை மறுபடி தொடங்கியிருந்தது. சின்னச் சின்னத் துளிகள்...

"அது வந்து..." என்றான். பாடம் நடத்துகிறவனுக்கு வார்த்தை வரவில்லை. "முதல் நாள் நிஜமாவே ரத்தம் வந்துச்சு. மத்த நாளெல்லாம்... உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். சிரிக்காதீங்க."

அவள் சிரிக்கவில்லை. பின்னறைக்குப் போனாள். இந்த முறை உடனே திரும்பினாள், இரண்டு கைகளிலும் பிளாஸ்டர் டப்பாக்களோடு. முன் ரேக்கில், கவுண்டருக்குப் பக்கத்தில், காலியாகக் கிடந்த இடத்தில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஒவ்வொன்றின் பெயரையும் படித்தாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இப்போது குனியவில்லை.

"பிளாஸ்டர் எப்பவும் இங்கேதான் இருக்கும்," என்றாள். "கைக்கெட்டுற தூரத்துல. நீங்க ரெண்டாவது தடவை வந்துட்டுப் போனதும்... நான்தான் உள்ளே கொண்டு போய் ஒளிச்சு வெச்சேன். தேடி எடுத்துட்டு வர்ற வரைக்கும் நீங்க நிப்பீங்கன்னு."